‘யூரோப் வேலை விசா’ என்று ஒன்று இல்லை

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதும் ஒருவர் சென்ற மாதம் என்னை நிறுத்தினார். “அண்ணாச்சி, மவனுக்கு யூரோப் விசா வருது. ஒருக்கா பாருங்க” என்று ஒரு காகிதத்தை அரிசி மூட்டை மேல் விரித்தார். போலந்தில் கிடங்கு வேலை. சம்பளம் யூரோவில் போட்டிருந்தது. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்கும் பணம் ஸ்லோட்டி. ஏஜென்டுக்கு 2 லட்சம் முன்பணம் போயிருந்தது, ரசீது இல்லை. “போலந்துல இறங்கிட்டா ஜெர்மனிக்கு பஸ்ஸுலயே போயிரலாம்னு சொல்லுதாவ” என்றார்.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ள 29 நாடுகளுக்குள் போய்வரத் தனித்தனி விசா வேண்டாம். வேலை அனுமதி அப்படியல்ல. அதை ஒவ்வொரு நாடும் தனியாகத் தருகிறது. போலந்தின் அனுமதியைக் காட்டி ஜெர்மனியில் வேலையில் சேர முடியாது. சுற்றுலா விசாவில் போனால் எங்குமே சேர முடியாது.

மாட்டிக்கொண்டால்தான் அந்த நாடுகளின் ஒற்றுமை தெரியும். ஒரு நாடு திருப்பியனுப்பி நுழைவுத் தடை போட்டால், அது பொதுத் தகவல் தொகுப்பில் ஏறி மற்ற நாடுகளிலும் கதவை அடைக்கும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கும் நாள் கடந்தால் கணினியே காட்டிக்கொடுக்கும்.

நேர்வழி இல்லாமலும் இல்லை. கோவிட்டுக்குப் பிறகு தொழில் மீண்டெழுந்தபோது ஐரோப்பாவில் ஆள் பற்றாக்குறை கடுமையானது. 2022 டிசம்பரில் ஜெர்மனியும் 2023 நவம்பரில் இத்தாலியும் இந்தியாவோடு குடிபெயர்வு ஒப்பந்தம் செய்தன. திறன் பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் ஜெர்மனி அறிவித்தது. நர்ஸ்களுக்குக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நடத்தும் ‘டிரிப்பிள் வின்’ திட்டத்தில் பி1 நிலை வரை ஜெர்மன் மொழிப் பயிற்சியும் ஆள்தேர்வும் இலவசம். எந்த வழியில் போனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: வேலையை இடையில் விட்டால் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்பது.

1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். ‘கன்சல்டன்சி’ என்று பலகை மாட்டினாலும் விலக்கில்லை. பதிவு பெற்ற ஏஜென்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதோடு. உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் நாமே சரிபார்க்கலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு, அதுவும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிறது. ஐரோப்பா அந்தப் பட்டியலிலேயே இல்லை. உங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் படித்துப் பார்ப்பதில்லை. வீட்டார்தான் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே போய்ச் சிக்கியவர்களுக்கும் உரிமை உண்டு. அனுமதியில்லாமல் வேலை செய்திருந்தாலும், செய்த வேலைக்கான கூலியை முதலாளி தந்தாக வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ம் ஆண்டு விதி. வேறு சான்று இல்லையென்றால் குறைந்தது 3 மாதம் வேலை செய்ததாகவே கொள்ள வேண்டும். பயந்து ஒளியாமல் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகாரைப் பதியுங்கள். ஊரில் இருப்பவர்கள் நோர்க்காவின் 1800 425 3939 என்ற இலவச எண்ணில் பேசலாம். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தங்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

அன்று கடையிலேயே செல்போனில் தேடினோம். அந்த ஏஜென்டின் பெயர் இ-மைகிரேட்டில் இல்லை. “மீதிப் பணத்தை நாளைக்குக் கேட்டிருக்காவ” என்றார் கணக்கர், முகம் வெளிறி. கொடுக்க வேண்டாம் என்றேன். வாட்ஸ்அப் பேச்சு, வங்கியில் பணம் போட்ட விவரம், அந்தக் காகிதம் மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு தைக்காட்டில் உள்ள நோர்க்கா அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தோம்.