மந்திரவாதியின் நாக்கில் ஊசி!

ஊரில் ஒருவனுக்கு மந்திரம் தெரிந்தால், எல்லோரும் அவனுக்குப் பயப்படுவார்கள். ஊரில் எல்லோருக்குமே மந்திரம் தெரிந்தால்?

அப்படிப்பட்ட நாட்டைப் பற்றி உருது மொழியில் ஒரு கதை உண்டு. பெயர் "திலிஸ்மே ஹோஷ்ருபா". புத்தியை மயக்கும் மாய உலகம் என்று பொருள்.

கதை சொல்லிகள் வாய்மொழியாகச் சொல்லி வந்த கதை இது. 1883 முதல் 1893 வரை, லக்னோ நகரில் நவல் கிஷோர் அச்சகம் இதை 7 பாகங்களாக வெளியிட்டது. முதல் 4 பாகங்களை எழுதியவர் முகமது உசேன் ஜா. மீதியை எழுதியவர் அகமது உசேன் கமர்.

நாரத்தங்காய் யுத்தம்

ஹோஷ்ருபாவின் சக்கரவர்த்தி அப்ராசியாப். அவன் பெரிய மந்திரவாதி. அவனுடைய தளபதிகளும் மந்திரவாதிகள். பெண்களும் படை நடத்துவார்கள்.

அங்கே வாளுக்கும் வேலுக்கும் மதிப்புக் குறைவு. மந்திரித்த நாரத்தங்காயையும், இரும்பு உருண்டையையும் வீசுவார்கள். ஒருவன் ஏவியதை மற்றவன் தடுப்பான்.

மந்திரவாதி செத்தால் வானம் இருளும். பெரும் கூச்சல் எழும். இறந்தவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்கும். ரகசியக் கொலைக்கு இடமே இல்லை. துப்பறியும் வேலை மிச்சம்!

ஒட்டகக்காரன் மகன்

இந்தச் சேனையை எதிர்த்து வந்தவன் அமர். வீரர் அமீர் ஹம்சாவின் தோழன். ஒட்டகம் ஓட்டுபவனின் மகன்.

அவனுக்கு மந்திரம் தெரியாது. எவ்வளவு போட்டாலும் நிரம்பாத பை ஒன்று வைத்திருந்தான். ஆளை மறைக்கும் போர்வையும் உண்டு. ஆனால், அவன் பெரிதும் நம்பியது வேஷத்தைத்தான்.

பாட்டுக்காரனாக வருவான். பணிப்பெண்ணாக வருவான். மதுவில் மயக்க மருந்தைக் கலந்து கொடுப்பான். மந்திரவாதி சாய்ந்ததும், அவன் நாக்கில் ஊசியைக் குத்திவிடுவான்!

நாக்கு அசையாவிட்டால் மந்திரம் சொல்வது எப்படி? மலையைப் பெயர்க்கும் மந்திரவாதியும் அதோடு சரி.

பிறகு அந்த நாட்டில் நிம்மதி ஏது? சோறு போடுகிறவள் யார்? விசிறி வீசுகிறவன் யார்? எல்லோர் மீதும் சந்தேகம்.

நடப்பதை எல்லாம் சொல்லும் மந்திரப் புத்தகம் ஒன்று அப்ராசியாப்பிடம் இருந்தது. ஆனால், அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற நினைப்பு நேரத்தில் வரவேண்டுமே!

மாருக் என்ற மந்திர அரசி எதிரிகளோடு சேர்ந்தாள். இப்போது இரு பக்கமும் மந்திரவாதிகள். மந்திரத்தை மட்டும் நம்பிப் பயன் இல்லை.

சக்கரவர்த்தியும் தந்திரத்தில் இறங்கினான். வேஷம் போடுவதில் கெட்டிக்காரிகளான 5 பெண்களை அமர் மீது ஏவினான். அவர்களின் தலைவி சர்சர். மயக்க மருந்தும் கையுமாக அவள் அமரைத் தேடி அலைந்தாள்.

அமருக்கோ அவள்மேல் ஒரு கண்!