மரத்தின் உணவுப் பாதையும் பட்டைக் காப்பும்

சென்னை தேனாம்பேட்டைப் பகுதியில், கதீட்ரல் சாலையில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செம்மொழிப் பூங்காவில் பழைய பெருமரங்கள் பல காக்கப்பட்டுள்ளன. அத்தகைய மரமொன்றை மாய்க்க அதை வெட்டிச் சாய்க்க வேண்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றி நான்கு விரலகலம் பட்டையை முற்றும் உரித்துவிடுதலே போதும். இதன் காரணத்தை விவசாயிகளும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போரும் அறிதல் நலம்.

மரத்தினுள் பாதைகள் இரண்டு உள. மண்ணிலுள்ள நீரும் உப்புச் சத்துக்களும் உட்கட்டையின் வழியே மேலேறுகின்றன. இலைகள் வெயிலின் உதவியால் ஆக்கும் சர்க்கரையோ, பட்டையின் உட்புறத்துள்ள நுண்ணிய சல்லடைக் குழாய்களின் வழியே வேருக்கும் துளிருக்கும் காய்க்கும் செல்கின்றது.

இலையை அடுத்த குழாய்களில் சர்க்கரை மிகுவதால் அவை நீரை ஈர்த்து அழுத்தம் கொள்ளுகின்றன. வேரிலும் காயிலும் சர்க்கரை செலவாவதால் அங்கே அழுத்தம் குறைகின்றது. மேட்டு வாய்க்காலினின்று பள்ளத்து வயலுக்கு நீர் பாய்வதுபோல, அழுத்தம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் சாறு பாய்கின்றது. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். ஜெர்மனி தேசத்து முன்ச் என்பார் 1930-இல் வெளியிட்ட இவ்விளக்கமே இன்றும் பெரிதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது.

பட்டை வளையமாக உரிந்த மரம் உடனே வாடுவதில்லை. நீர்ப்பாதை கெடாமையால் இலைகள் பசுமையாகவே இருக்கும். வேர்கள் தம்மிடம் சேமித்த மாவுச்சத்தைக்கொண்டு சில காலம் பிழைக்கும். அது தீர்ந்தபின் பட்டினியால் மடியும். அதன் பின்னரே இலைகள் உதிரும். வறட்சியென்று எண்ணி அப்பொழுது நீர் பாய்ச்சுவதால் பயனில்லை. சாலை மரங்களில் இறுகக் கட்டிய கம்பியும், மரம் பருக்குந்தோறும் பட்டையுள் புதைந்து இக்கேட்டையே விளைவிக்கும். கம்பிக்கு மேற்புறம் தோன்றும் வீக்கம், இறங்க வழியின்றிச் சர்க்கரை தேங்குவதன் அடையாளமாகும்.

இவ்வியல்பையே நன்மைக்குப் பயன்படுத்துவது விண்பதியம். கொய்யா, மாதுளை ஆகியவற்றின் முற்றிய கிளையில் 2.5 சென்டிமீட்டர் அகலம் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசியை வைத்துப் பாலிதீன் தாளால் கட்டினால், தேங்கிய உணவைக்கொண்டு வளையத்தின் மேல்விளிம்பில் வேர் விடும். பின்னர்க் கிளையை அறுத்து நடலாம்.

தென்னையிலும் பனையிலும் குழாய்கள் தண்டு முழுவதும் பரவியிருத்தலால் மேற்புறக் காயம் அவற்றை அவ்வாறு வருத்துவதில்லை. பனையின் பாளையைச் சீவ வடியும் பதநீரும் இச்சர்க்கரைச் சாறேயாம்.

ஆதலால், மா, வேம்பு முதலிய மரங்களில் கட்டிய கம்பியையும் கயிற்றையும் காலத்தே அவிழ்த்துவிடுக. களை கொத்துங்கால் மண்வெட்டி அடிமரத்தில் படாமற் காக்க. பட்டை ஒருபுறம் மட்டும் சிதைந்திருப்பின் மரம் பிழைக்கக்கூடும். எஞ்சிய பட்டையே அதன் வேருக்கு உணவளிக்கும் வழியாதலால் அதைப் பழுதின்றிப் பேணுதல் வேண்டும்.