சொல்லை மாற்றினால் செய்தி உங்களுடையதாகிவிடுமா?

2018 ஆகஸ்டில் ‘டெட் செல்ஸ்’ என்ற வீடியோ கேமுக்கு ஐஜிஎன் என்ற கேமிங் தளத்தில் விமர்சனம் வந்தது. அதே கேமை முன்பே விமர்சித்திருந்த ‘பூம்ஸ்டிக் கேமிங்’ என்ற சிறிய யூடியூப் சேனல், இரண்டையும் அருகருகே வைத்து வீடியோ போட்டது. அங்கங்கே சொற்கள் மாறியிருந்தன. கருத்துகளின் வரிசையும் வாக்கிய அமைப்பும் அப்படியே இருந்தன. ஐஜிஎன் அந்த விமர்சனத்தை நீக்கியது. எழுதியவர் வேலை இழந்தார்.

பிறர் எழுதியதைச் சொல் மாற்றி எழுதும் அதே காரியத்தை இன்று மென்பொருள் நொடியில் முடிக்கிறது. கேமிங் தளங்களுக்காகக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பேசி இதைச் செய்யும் இளைஞர்கள் இதிலுள்ள ஆபத்தை அறிய வேண்டும்.

கேம் எப்போது வெளியாகும் என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன விதம் எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்யாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. படைப்பின் முக்கியப் பகுதி அப்படியே இருந்தால் மேலோட்டமான மாற்றங்கள் காப்பாற்றாது. தெரிந்தே மீறினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ‘தள உரிமையாளர் சொல்லித்தான் செய்தேன்’ என்ற பதிலை நம்பியிருக்க வேண்டாம்.

வாசகருக்கும் இதில் நஷ்டம். ‘ஜிடிஏ 6’ கேமின் வெளியீட்டை 2026 மே 26-இலிருந்து நவம்பர் 19-க்குத் தள்ளிவைப்பதாக ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது. ‘தள்ளிவைத்தது’ என்பதைக் கருவி ‘கைவிட்டது’ என்று மாற்றிவிட்டால் வாசகருக்குப் போய்ச் சேர்வது பொய். 2023 ஜூலையில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமின் ரசிகர்கள், இப்படிக் கருவியால் செய்தி அள்ளும் தளங்களைச் சிக்கவைக்க, ‘குளோர்போ’ என்று இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து கொண்டாடினார்கள். ஒரு கேமிங் தளம் அதை உண்மைச் செய்தியாகவே வெளியிட்டது. இப்படித் திரித்துக் குவிக்கும் பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளவும் நீக்கவும் கூகுளின் விதிகளில் இடமுண்டு.

உங்கள் கட்டுரை திருடப்பட்டிருந்தால், முதலில் தேதியோடு இரண்டு பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒத்த பத்திகளைக் குறித்து, நகல் பக்கத்தை வைத்திருக்கும் இணையச் சேவைக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தச் சேவை நகலுக்கான அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை காட்டாவிட்டால் அதைத் திரும்பத் திறக்கலாம்; ஆகவே வழக்கறிஞரை உடனே பாருங்கள். கூகுள் தேடலிலிருந்து நீக்கக் கோரித் தனியாகவும் விண்ணப்பிக்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு: கேம் நிறுவனத்தின் அறிவிப்பையே நேரடியாகப் படியுங்கள். முதலில் செய்தி தந்தவரின் பெயரைச் சொல்லி இணைப்புக் கொடுங்கள். மற்றவர் கட்டுரையை மூடிவைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.