பழியும் தண்டனையும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, வாவி சூழ்ந்த மட்டக்களப்பு நகரின் சியோன் தேவாலயத்திலே தற்கொலைக் குண்டு வெடித்தது. மாண்டோருள் ஞாயிறு பாடசாலைச் சிறுவர் பலர். இத்தகைய கொடுமை நேரும்போது, ‘ஆண்டவர் கூலி கொடுப்பார்’ என்று சொல்வது நம்மவர் வழக்கம். இச்சொல் நம்பிக்கையா, மாறுவேடம் பூண்ட பழியுணர்ச்சியா?

பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரம், பழிவாங்கும் உரிமையை மனிதனிடமிருந்து எடுத்து இறைவனிடம் ஒப்படைக்கின்றது. ஒப்படைத்தபின் அவர் தண்டிப்பாரோ, மன்னிப்பாரோ என வரையறுக்க நமக்கு உரிமையில்லை. கடினமான இடம் இதுவே. நினிவே நகரம் மன்னிக்கப்பட்டபோது யோனா தீர்க்கதரிசி சினந்தது இதனாலன்றோ?

மனிதப் பழியோ ஆளறிந்து பாய்வதில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில், குற்றத்தில் யாதொரு பங்குமில்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன.

இறந்தவர் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்பாரும் உளர். பலியிடும் வேளையில் பிலாத்துவினால் கொல்லப்பட்ட கலிலேயரைக் குறித்து இதே எண்ணம் எழுந்தபோது, அவர்கள் ஏனையோரினும் பெரும் பாவிகளல்லர் என இயேசு மறுத்ததை லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்திற் காணலாம்.

பழியைக் கைவிடுதல் வழக்கைக் கைவிடுதலன்று. உரோமர் நிருபத்தின் அடுத்த அதிகாரத்திலேயே, தீயோரைத் தண்டிக்கும் பொறுப்பைப் பவுல் ஆள்வோரிடம் வைக்கிறார். ஆள்வோரே தவறினால்? 2023 ஜனவரி 12இல் இலங்கை உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தோருள் கத்தோலிக்கக் குருவும் இருந்தார்.