உயர் அழுத்த மின்வட இணைப்பாளர் பயிற்சி

உயர் அழுத்த மின்வட இணைப்பாளர் என்பவர் நிலத்தடி மின்வடங்களின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலாளர். வட முனையை மின்மாற்றியிலும் சுவிட்ச் பெட்டியிலும் பொருத்துவதும் இவரது வேலையே. தொழில் வழக்கில் இவர் 'கேபிள் ஜாயின்டர்'. 650 வோல்ட்டுக்கு மேல் 33,000 வோல்ட் (33 கே.வி.) வரை உள்ளதை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் உயர் அழுத்தம் என வகைப்படுத்தின. இச்சொல் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகிறது.

சென்னையில் தேவை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் செல்கிறது. நடைபாதையோரம் நிற்கும் பில்லர் பெட்டிகள் அதன் வெளி அடையாளம். துணை மின் நிலையங்களுக்கு 33 கே.வி. வடங்களும், அங்கிருந்து தெரு மின்மாற்றிகளுக்கு 11 கே.வி. வடங்களும் ஓடுகின்றன. ஐ.எஸ். 1255 என்னும் இந்தியத் தர விதிப்படி 11 கே.வி. வடம் 90 செ.மீ. ஆழத்திலும், 33 கே.வி. வடம் 105 செ.மீ. ஆழத்திலும் இருக்க வேண்டும்.

ஒரு உருளையில் சில நூறு மீட்டர் வடமே வரும் என்பதால் புதிய பாதையிலும் இணைப்பு தேவை. ஆனால் நகருக்குள் வேலை கூடுவதற்கு முக்கியக் காரணம் பள்ளம் தோண்டுவதுதான். குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மெட்ரோ ரயில் என்று ஏதோ ஒரு பணிக்குத் தெரு வெட்டப்படுகிறது. வடம் அறுபட்டால் சேதமான பகுதியை நீக்கிவிட்டுப் புதிய துண்டு ஒன்றை இடையில் சேர்ப்பது வழக்கம். அதாவது ஒரு வெட்டுக்கு இரண்டு ஜாயின்ட்.

பயிற்சிக்கான வழி

பத்தாம் வகுப்பு முடித்தவர் கிண்டி போன்ற அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படிக்கலாம். நிலத்தடி வடம் அங்கு ஒரு பாடம்தான். தனித் தொழில் அளவுக்கு விரிவானதல்ல. அடுத்து 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஏதேனும் நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் சான்றும் பெறலாம். எனினும் கம்பியாளர் சான்று வைத்திருப்பவர் எல்லாம் 11 கே.வி. ஜாயின்ட் போடத் தெரிந்தவர் அல்லர். உண்மையான கல்வி, அனுபவமுள்ள ஜாயின்டரிடம் ஹெல்பராக இருந்து பெறுவதே. இணைப்புப் பொருள் தொகுப்புகளை (கிட்) தயாரிக்கும் நிறுவனங்களும் தங்கள் பொருளைக் கையாளப் பயிற்சி தருகின்றன.

கற்க வேண்டியது

முதலில் கற்பது இணைப்பதை அல்ல, தொடாமல் இருப்பதை. ஒரே பள்ளத்தில் ஒன்றுபோல் நாலைந்து வடங்கள் கிடக்கும். 'லைன் கிளியர்' எழுத்தில் பெற்று, இரு முனையிலும் மின்சாரத்தைத் துண்டித்து, எர்த் செய்த பிறகும் வேலை தொடங்கக் கூடாது. தோண்டியெடுத்த வடம் அதுதானா என்பதைக் கருவியால் உறுதிசெய்து, தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் அதைத் துளைத்துப் பார்த்த பின்பே கத்தி வைக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் நீண்ட வடம் ஒரு மின்தேக்கியைப் போல மின்னூட்டத்தை வைத்திருக்கும். எர்த் செய்வதை ஒருமுறை மறந்தால் உயிர் போகும்.

அடுத்தது உரித்தல். இன்றைய எக்ஸ்எல்பிஇ வடத்தில் வெளியுறை, இரும்புக் கவசம், செம்புத் திரை, கருப்பு நிற 'செமிகான்' அடுக்கு, வெள்ளைக் காப்பு, நடுவில் அலுமினியம் எனப் பல அடுக்குகள் உண்டு. செமிகானை வெட்டும்போது வெள்ளைக் காப்பில் கத்தியின் கீறல்கூட விழக் கூடாது. துணியில் கத்தரியால் சிறு வெட்டு இட்டால், இழுக்கும்போது அந்த முனையிலிருந்தே கிழியும் அல்லவா? மின்புலமும் செமிகான் முடியும் விளிம்பில் அப்படித்தான் குவிகிறது. அதைப் பரவச் செய்யவே அங்கு அழுத்தக் கட்டுப்பாட்டுக் குழல் பொருத்தப்படுகிறது. காப்பைத் துடைப்பதிலும் விதி உண்டு: வெள்ளைப் பகுதியிலிருந்து கருப்பை நோக்கியே துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கரித்துகள் காப்பின்மேல் ஏறிவிடும்.

பிறகு இரு அலுமினிய முனைகளையும் குழாய் போன்ற ஃபெரூலில் செருகி, கிரிம்பிங் கருவியால் நசுக்குவர். சூட்டில் சுருங்கும் குழலுக்கு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுடர் காட்ட வேண்டும்; இல்லையேல் காற்று உள்ளே சிக்கும். சிக்கிய காற்றும் ஈரமும் அன்றே தெரியாது. சோதனையில் தேறிய ஜாயின்ட் சில மாதம் கழித்து, கோடைச் சுமையிலோ ஐப்பசி மழையிலோ வெடிக்கும். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களில் பள்ளத்தில் நீர் ஊறுவது இயல்பு. ஆகவே நீரை இறைப்பதும் மேலே தார்ப்பாய் கட்டுவதும் வேலையின் பகுதியே.

பழைய வடங்கள்

சென்னையின் மின் விநியோகம் 1947 வரை மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் வசம் இருந்தது. 1957-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானது. அக்காலத்து வடங்கள் எண்ணெய் ஊறிய காகிதமும் ஈய உறையும் கொண்டவை. ஈயத்தை உருக்கி வழித்து மூடும் கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்று அருகிவிட்டனர். காகிதத்தில் ஈரம் உள்ளதா என அறிய, ஒரு துண்டைச் சூடான எண்ணெயில் போடுவார்கள். வடகம்போல் பொரிந்தால் ஈரம் இருக்கிறது. வறண்ட பகுதி வரும்வரை வடத்தை வெட்ட வேண்டும்.

முடிக்கும் முறை

மெக்கர் கருவியால் காப்பின் தடையை அளந்து, உயர் அழுத்தச் சோதனையும் செய்த பிறகே மின்சாரம் தரப்படும். பள்ளத்தில் மணல் பரப்பி, வடத்தின்மேல் செங்கல்லோ காங்கிரீட் பலகையோ அடுக்கி மண் மூடுவார்கள். அடுத்து அங்கே தோண்டுபவரின் கடப்பாரை முதலில் அந்தக் கல்லில்தான் பட வேண்டும்.