செயற்கை டிஸ்க் யாருக்குப் பொருந்தும்?

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் காலை நடை வருகிறவர்களிடம் சர்க்கரைக்கு அடுத்தபடியாக அடிபடுகிற பேச்சு, ஜவ்வு விலகல். “இடுப்புல எல்4–எல்5 ஜவ்வுல பல்ஜ் சார். செயற்கை டிஸ்க் வெச்சா நல்லா குனிஞ்சு நிமிரலாமாமே?”

குனியலாம்தான். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், 50 வயதில் பாதிப் பேருக்கு மேல் பல்ஜ், அதாவது ஜவ்வுப் பிதுக்கம், தெரியும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து யாரும் கத்திக்குப் போக வேண்டாம். ஜவ்வு பிதுங்கி காலுக்கு இறங்கும் வலிகூட, மருந்திலும் பிசியோதெரபியிலும் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தணிந்துவிடுகிறது.

தணியாதவர்களுக்குப் பழைய வழி ஃப்யூஷன். கெட்ட ஜவ்வை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைப்பார்கள். அந்த இடம் அதன்பின் அசையாது. அதன் வேலையும் பக்கத்து ஜவ்வுகளின் தலையில் விழுகிறது. செயற்கை டிஸ்க்கில் பொதுவாக இரண்டு உலோகத் தகடுகள், நடுவே வழுக்கி நகரும் பாலிஎத்திலீன். தகட்டின் பற்கள் எலும்பைக் கவ்விக்கொள்ளும், அசைவும் மிஞ்சும்.

இந்த வகை டிஸ்க்கை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் ப்யூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனி ஜிம்னாஸ்ட்! பிறகு டாக்டராகி, பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் கர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து இதை வடிவமைத்தார். 1984-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அமெரிக்கா அனுமதிக்க 2004 ஆயிற்று. முதுகை வில்லாய் வளைத்துப் பழகியவருக்கு எலும்பை ஒட்டிவிடுவதில் மனம் ஒப்பியிருக்காது என்பது என் ஊகம்.

இடுப்பில் வைக்க வயிற்றுப் பக்கமாகத்தான் போக வேண்டும், பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கிக்கொண்டு. கழுத்தில் முன்பக்கம் ஒரு சின்னக் கீறலோடு முடிகிறது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், பின்பக்க ஃபேசட் மூட்டு தேய்ந்தவர்கள், எலும்பே முன்னால் நழுவியவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. பீச்சில் நடக்கும் பெரியவர்களில் பலர் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடுவார்கள். டாக்டரிடம் செலவைக் கேட்கும் முன், “என் ஃபேசட் மூட்டு எப்படி இருக்கிறது, எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா?” என்று கேளுங்கள்.

பாதம் தூக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.