எதிர்த்து ஓட்டுப் போட்ட இந்தியாவுக்காகப் பேசத் தயாரா?

எம்.யு.என். என்றாலே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, நாட்டின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு, இங்கிலீஷில் பீட்டர் விடுவது என்றுதான் நம்மில் பல பேர் நினைத்து வைத்திருக்கிறோம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு! ஆனால் இந்த மாதிரி ஐ.நா. சபையில் 'டைசெக்' என்று ஒரு கமிட்டி உண்டு. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கு.

டைசெக் என்றால் என்ன?

ஐ.நா. பொதுச்சபையில் ஆறு முதன்மைக் குழுக்கள் உள்ளன. முதல் குழுவின் பொறுப்பு ஆயுதக் குறைப்பும் சர்வதேசப் பாதுகாப்பும். அதைத்தான் எம்.யு.என்.களில் டைசெக் என்கிறோம். 193 உறுப்பு நாடுகளுக்கும் இடம் உண்டு, நாட்டுக்கு ஒரு ஓட்டு, வீட்டோ கிடையாது. அமெரிக்காவுக்கும் குட்டித் தீவான துவாலுவுக்கும் அங்கே ஒரே எடை.

பொதுச்சபையின் முதல் தீர்மானமே இந்த விஷயத்தில்தான் வந்தது. 1946 ஜனவரி 24. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அணுசக்தியால் எழுந்த சிக்கல்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். அணு ஆயுதங்களை ஒழிக்க வழி சொல்வதும் அதன் வேலை.

ஒரு முக்கியமான விஷயம்: இந்தக் குழுவின் தீர்மானங்கள் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. "கேட்டுக்கொள்கிறது", "வலியுறுத்துகிறது" என்று எழுதலாம், அவ்வளவுதான். பொருளாதாரத் தடை போடு, படையை அனுப்பு என்பதெல்லாம் பாதுகாப்பு கவுன்சிலின் அதிகாரம். முதல் தடவை வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

எப்படி நடக்கும்?

முதலில் ரோல் கால். 'பிரசன்ட் அண்ட் வோட்டிங்' என்று சொல்லிவிட்டால் பிறகு நடுநிலை வகிக்க முடியாது. அடுத்து ஸ்பீக்கர்ஸ் லிஸ்ட்படி பேச்சுகள், பிறகு ஒரே தலைப்பில் நடக்கும் மாடரேட்டட் காகஸ். அதன்பின் அன்மாடரேட்டட் காகஸ்: எல்லோரும் எழுந்துபோய்க் கூட்டணி சேர்த்து, வரைவுத் தீர்மானம் எழுதும் நேரம். மைக்கில் எவ்வளவு முழங்கினாலும், கமிட்டி எந்தப் பக்கம் சாயும் என்பது இங்கேதான் முடிவாகும்.

ஒரு நிஜ உதாரணம்

மனிதன் தலையிடாமல் தானே இலக்கைத் தேர்ந்தெடுத்துத் தாக்கும் ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 152, எதிர்ப்பு 4, நடுநிலை 11. எதிர்த்த நான்கு நாடுகளில் ரஷ்யா ஒன்று, இந்தியா ஒன்று.

"என்னது, நாம கில்லர் ரோபோவுக்கு ஆதரவா?" என்று கேட்கத் தோணும். அவசரப்பட வேண்டாம். அந்தத் தீர்மானம் எந்த ஆயுதத்தையும் தடை செய்யவில்லை. நாடுகளின் கருத்தைக் கேட்டு அறிக்கை தரும்படி பொதுச்செயலரைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவின் வாதம், இதைப் பேச ஜெனிவாவில் ஏற்கனவே மேடை இருக்கிறது என்பதுதான். குறிப்பிட்ட சில மரபு ஆயுதங்களுக்கான ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நிபுணர் குழு 2017 முதல் கூடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கியதே இந்தியத் தூதர்தான். அதே விஷயத்துக்கு இன்னொரு மேடை எதற்கு?

எதிர்த்தரப்பிடமும் பதில் இருக்கு. ஜெனிவாவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரே ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் வண்டி நகராது. அதனால்தான் பொதுச்சபைக்கு வந்தோம் என்பது அவர்கள் வாதம்.

டைசெக்கில் உங்களுக்கு இந்தியா கிடைத்தால், சொந்தக் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு முதல் வாதத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியா கிடைத்தால் இரண்டாவது வாதம். இரண்டையும் மனசாரச் சொல்லிப் பார்த்தவனுக்கு, வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரித் தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் செரிக்காது.

நமக்கு என்ன வேலை?

"ஆயுதங்கள் மனிதக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்" என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கட்டுப்பாடு என்றால் என்ன? ஒவ்வொரு இலக்குக்கும் ஒருவர் அனுமதி கொடுக்கணுமா, தவறு நடக்கும்போது நிறுத்தினால் போதுமா? நிறுத்த எத்தனை வினாடி கிடைக்கும்? எதிரி சிக்னலை ஜாம் செய்து இணைப்பைத் துண்டித்தால் ட்ரோன் திரும்பி வரணுமா, தானே முடிவெடுக்கணுமா? வெள்ளத்தில் சிக்கியவரைக் கண்டுபிடிக்கும் கேமரா மென்பொருளையே ஆளைக் குறிவைக்கவும் பயன்படுத்த முடியும். அப்போது எதைத் தடை செய்வது? இந்தக் கேள்விகளை வரைவுக்குள் கொண்டுவர எம்பெடட், கம்யூனிகேஷன், மெஷின் லேர்னிங் படித்த ஆள் வேண்டும். நாளைக்கு அந்த கோடை எழுதப்போவதும் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

இங்கிலீஷ் வராதே?

பெரும்பாலான எம்.யு.என்.கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் நிஜ ஐ.நா.வில் ஆறு அலுவல் மொழிகள் உண்டு. மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தால் வேறு மொழியிலும் பேசலாம். 1977-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசினார். நம் தமிழ் மன்றமே ஒரு டைசெக்கைத் தமிழில் நடத்தினால் என்ன?

அதுவரை, இங்கிலீஷுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். ஐ.நா.வின் டிஜிட்டல் நூலகத்தில் உங்கள் நாடு எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டது என்று இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஐந்து ஓட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். பொசிஷன் பேப்பர் பாதி ரெடி. முடிந்தால், உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத நாட்டையே கேட்டு வாங்குங்கள்.